ஜோடி நட்சத்திரங்கள்

கார்த்திகை தீபத்தன்று மாலை. திருவண்ணாமலைக் கோயிலுக்குள் எள் போட்டால் எள் விழ இடமில்லை. அத்தனை பேர் கண்ணும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மணி ஆறு. அர்த்தநாரீசுவரர் வெளியே வருகிறார். ஒரு பாதி அப்பன். மறு பாதி அம்மை. ஆண்டுக்கு ஒரே ஒரு நாள்தான் அவர் இப்படி வெளியே வருவது. அதுவும் சில நிமிஷங்களுக்குத்தான். ஆடியபடி வந்து காட்சி கொடுத்துவிட்டு உள்ளே திரும்பிவிடுகிறார். அதே நேரத்தில் 2,668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் பற்றிக்கொள்கிறது. "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்ற முழக்கம் ஊரையே அதிர வைக்கிறது.

எல்லோரும் மேற்கே மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருவர் கிழக்கே திரும்பிப் பார்த்தால் என்ன தெரியும்? ஏறக்குறைய முழு நிலவு எழும்பிக்கொண்டிருக்கும். நன்றாக இருட்டிய பிறகு உற்றுப் பார்த்தால், அந்த நிலவின் அக்கம்பக்கத்திலேயே ஒரு சின்ன நட்சத்திரக் கொத்து மங்கலாகத் தெரியும். அதுதான் கார்த்திகை. மாதத்துக்குப் பெயர் கொடுத்த நட்சத்திரம். முருகனுக்குப் பால் கொடுத்த அறுவர் என்று நம் பெரியவர்கள் சொன்ன நட்சத்திரம்.

அந்தக் கொத்தில் ஒருவருக்கு 'அட்லஸ்' என்று பெயர். கண்ணுக்கு அது ஒரே புள்ளி. ஆனால் உண்மையில் அது ஒன்றல்ல, இரண்டு! அர்த்தநாரீசுவரரைப் போல ஒன்றாகத் தெரியும் இரண்டு. இந்த ஜோடி பிற்காலத்தில் பெரிய வழக்கு ஒன்றில் சாட்சி சொல்ல வந்தது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

வானத்தில் இப்படி ஜோடிகள் ஏராளம். நம் சூரியனைப் போன்ற நட்சத்திரங்களில் ஏறத்தாழப் பாதிக்கு ஒரு துணையோ, அதற்கு மேலோ உண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த வகையில் பார்த்தால் நம் சூரியன் ஒண்டிக்கட்டை!

கோபுர விளக்கும் மலைத் தீபமும்

பக்கத்தில் பக்கத்தில் தெரிவதெல்லாம் ஜோடி ஆகிவிடுமா? ஆகாது.

தீபத்தன்று இரவு ராஜகோபுரத்துக்குக் கிழக்கே, தேரடி வீதிப் பக்கம் நின்று பாருங்கள். 217 அடி கோபுரத்தின் உச்சியில் ஒரு விளக்கு. அதை ஒட்டினாற்போல மலை உச்சியில் தீபம். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி அருகருகே தெரியும். ஆனால் நடுவே ஒரு கோயிலும், ஒரு மலைச்சரிவும் கிடக்கின்றன! நாம் நிற்கிற இடம் அப்படி. நாலு அடி தள்ளி நின்றால் உறவு போய்விடும்.

மகர ராசியில் கண்ணுக்கே இரண்டாகத் தெரிகிற நட்சத்திரம் ஒன்று இருக்கிறது. அதில் ஒன்று ஏறக்குறைய 100 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. மற்றது அதைப் போலப் பல மடங்கு தூரத்தில். ஒன்றுக்கொன்று முகம் தெரியாது. இதற்குப் 'பார்வை மயக்க ஜோடி' என்றே பெயர் வைக்கலாம்.

உண்மையான ஜோடி வேறு. சின்னப் பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு தட்டாமாலை சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேரும் ஒரே எடையானால் இரண்டு பேரும் ஒரே அளவு வட்டம் போடுவார்கள். அண்ணனும் குட்டித் தங்கையும் சுற்றினால்? அண்ணன் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே சுழல்வான். தங்கைதான் பெரிய வட்டம் போட்டு ஓடுவாள். யார் எவ்வளவு வட்டம் போடுகிறார்கள், ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தாலே அவர்கள் எடையைச் சொல்லிவிடலாம். நட்சத்திரங்களும் அப்படித்தான். அவற்றைக் கோத்திருப்பது கையல்ல, ஈர்ப்பு விசை. தராசு இல்லாமல் நட்சத்திரத்தை எடை போட இதைவிட நேரான வழி கிடையாது. வான சாஸ்திரிகள் ஜோடிகளைத் தேடி அலைவது இதற்காகத்தான்.

1767-ல் ஜான் மிச்செல் என்ற ஆங்கிலப் பாதிரியார், 'இத்தனை நட்சத்திரங்கள் தற்செயலாகவா பக்கத்தில் பக்கத்தில் விழுந்திருக்கும்?' என்று கணக்குப் போட்டுப் பார்த்து, பல ஜோடிகள் நிஜ ஜோடிகளாகவே இருக்கவேண்டும் என்றார். அதைக் கண்ணால் நிரூபித்தவர் வில்லியம் ஹெர்ஷல். இருபது வருஷத்துக்கு மேல் பொறுமையாக அளந்து, 1803-ல் 'காஸ்டர்' நட்சத்திரத்தின் இரண்டு பகுதிகளும் ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று அறிவித்தார். காஸ்டர் வேறு எதுவும் அல்ல. நம் புனர்பூசத்தின் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்களில் ஒன்றுதான்.

புதுச்சேரியில் ஒரு பாதிரியார்

ஹெர்ஷலுக்கு நூறு வருஷம் முந்தியே இந்த விஷயத்தில் நம் பக்கத்து ஊர் பெயர் அடிபட்டுவிட்டது.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதி. பிரான்சிலிருந்து ஏசு சபைப் பாதிரிமார்கள் சிலர் சயாம் தேசத்துக்குப் போனார்கள். கணிதமும் வான சாஸ்திரமும் கற்றவர்கள் அவர்கள். 1688-ல் சயாமில் புரட்சி வெடித்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அங்கே இருக்க முடியவில்லை. ஓடி வந்தவர்களில் ஒருவர் ழான் ரிஷோ. வந்து சேர்ந்த இடம் புதுச்சேரி.

உடைமை போனால் என்ன, தொலைநோக்கி கூடவே இருந்தது! 1689 டிசம்பரில் வானத்தில் ஒரு வால்நட்சத்திரம் தோன்றியது. விடியலுக்கு முன்பே எழுந்து ரிஷோ பாதிரியார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்திலேயே தென்திசையில் ஆல்ஃபா சென்டாரி என்ற பிரகாசமான நட்சத்திரம். அதன் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பினார். ஒரு நட்சத்திரம் இரண்டாகப் பிரிந்து தெரிந்தது!

இந்திய மண்ணிலிருந்து தொலைநோக்கி மூலம் செய்யப்பட்ட முதல் கண்டுபிடிப்புகளில் ஒன்று அது. திருவண்ணாமலையிலிருந்து காக்கை பறக்கும் தூரத்தில் 90 கிலோமீட்டர்கூட இல்லாத ஓர் ஊரில் நடந்தது. இதற்கு நாலு வருஷம் முன்பு, அதே சபையைச் சேர்ந்த ஃபோந்தனே பாதிரியார் சயாமுக்குப் போகும் வழியில், ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் இறங்கித் தென்சிலுவையின் அடி நட்சத்திரமும் இரட்டை என்று கண்டிருந்தார்.

ரிஷோவுக்குத் தாம் கண்டது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்திருக்க வழியில்லை. ஆல்ஃபா சென்டாரி நமக்கு மிக மிக அருகில் உள்ள நட்சத்திரக் குடும்பம். தூரம் 4.37 ஒளியாண்டு. ஜோடியில் ஒன்று நம் சூரியனைவிடச் சற்றுப் பெரியது. மற்றது சற்றுச் சிறியது. சுமார் 80 வருஷத்துக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. 1915-ல் ராபர்ட் இன்னஸ் தென்னாப்பிரிக்காவிலிருந்து மூன்றாவது ஆள் ஒருவரையும் கண்டுபிடித்தார். மிக மங்கலான சிறிய நட்சத்திரம். சூரியனுக்கு அடுத்தபடி நமக்கு மிக அருகில் இருப்பது அதுதான் என்பதால் 'பிராக்ஸிமா' என்று பெயர். அதைச் சுற்றி ஒரு கிரகம் இருப்பதும் 2016-ல் தெரிந்தது.

அருந்ததி தெரிகிறதா?

கல்யாண வீட்டில் அம்மி மிதித்ததும் மாப்பிள்ளை பெண்ணை வெளியே அழைத்து வந்து விரலை நீட்டுவார். "அருந்ததி தெரிகிறதா?" பெண்ணும் தலையை ஆட்டும். நேரமோ காலை பத்து மணி! வெயிலில் பந்தலின் தென்னங்கீற்றைத் தவிர எதுவும் தெரியாது. சாயங்காலக் கல்யாணம் என்றால் மட்டும் தெரிந்துவிடுமா? ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தமானால் அதுவும் இல்லை. அந்த மாதங்களில் சப்தரிஷி மண்டலம் பின்னிரவில்தான் எழும்பும்.

சித்திரை, வைகாசி இரவில் வடக்கே பாருங்கள். ஏழு ரிஷிகளில் வால் பக்கத்திலிருந்து இரண்டாவது வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாக ஒரு புள்ளி, அதுதான் அருந்ததி. கண் நல்ல கண்ணா என்று சோதிக்க அந்தக் காலத்தில் இதைப் பார்க்கச் சொல்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வசிஷ்டரே ஒருவர் இல்லை. 1617-ல் கலீலியோவின் சீடர் காஸ்டெல்லி தொலைநோக்கியில் பார்த்தபோது வசிஷ்டர் இரண்டாகத் தெரிந்தார். தொலைநோக்கியில் முதன்முதல் அறியப்பட்ட ஜோடி நட்சத்திரம் அதுதான். 1857-ல் முதன்முதல் புகைப்படம் எடுக்கப்பட்ட ஜோடியும் அதுவே. பிறகு அந்த இரண்டும் தனித்தனியே இரண்டு இரண்டு என்று தெரிந்தது. ஆக வசிஷ்டர் நாலு பேர்! அருந்ததி மட்டும் தனி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2009-ல் அமெரிக்காவின் பாலோமார் மலையிலுள்ள தொலைநோக்கி, அருந்ததியின் அருகிலும் மிக மங்கலான ஒரு சிறு துணையைக் காட்டிக்கொடுத்தது. மொத்தம் ஆறு பேர் கொண்ட குடும்பம். வசிஷ்டரும் அருந்ததியும் கோபுர விளக்கும் மலைத் தீபமும் அல்ல, உண்மையிலேயே ஈர்ப்பால் கட்டுண்டவர்களாக இருக்கலாம் என்பதற்கும் அந்த ஆராய்ச்சிகள் பலம் சேர்த்தன. கல்யாணத்தில் அருந்ததியைக் காட்டச் சொன்னவர்கள் ஜோடிப் பொருத்தம் தெரிந்தவர்கள்தான்!

ரயில் ஊதலும் சித்திரை நட்சத்திரமும்

வசிஷ்டர் நாலு பேர் என்று எப்படித் தெரிந்தது? எந்தத் தொலைநோக்கியிலும் அப்போது அது பிரிந்து தெரியவில்லையே?

ரயில் நிலையத்தில் நிற்கும்போது ஊதிக்கொண்டே வரும் ரயிலைக் கவனியுங்கள். வரும்போது கீச்சென்று இருக்கும் ஊதல், நம்மைத் தாண்டிப் போனதும் கட்டைக் குரலாகிவிடும். ஒளியும் அப்படியே. நம்மை நோக்கி வரும் நட்சத்திரத்தின் ஒளி நீலத்தின் பக்கம் சற்று நகரும். விலகிப் போவதன் ஒளி சிவப்பின் பக்கம் நகரும். ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தால், சுற்றிச் சுற்றி வரும் ஜோடியின் கோடுகள் இரண்டாகப் பிரிவதும் ஒன்றாகச் சேர்வதுமாக இருக்கும். 1889-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் பிக்கரிங் என்பவர் வசிஷ்டரிடம் இதைக் கண்டு சொன்னார். சுற்றும் காலம் இருபது நாளுக்குச் சற்றே அதிகம்.

அடுத்த ஆண்டே ஜெர்மனியில் வோகல் என்பவர் நம் சித்திரை நட்சத்திரத்தையும் இந்த வகையில் சேர்த்தார். சித்ரா பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கான பேர் அண்ணாமலையைக் கிரிவலம் வருகிறார்கள். 14 கிலோமீட்டர் சுற்று. தலைக்கு மேலே நிலவுக்கு அருகில் சித்திரை நட்சத்திரத்தின் இருவரும் கிரிவலம் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சுற்றுக்கு நாலே நாள்!

காது கேளாத இளைஞர்

சில ஜோடிகளில் ஒன்று மற்றதன் குறுக்கே வந்து மறைக்கும். விளக்குக்கு முன்னால் ஆள் நடந்தால் வெளிச்சம் குறைவதுபோல நட்சத்திரமும் மங்கும். 'அல்கால்' என்ற நட்சத்திரம் இதில் பேர்போனது. அரபு மொழியில் அது பேயின் தலை! 2 நாள் 20 மணி 49 நிமிஷத்துக்கு ஒரு முறை அதன் ஒளி மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது.

இந்தக் கணக்கைப் பிடித்தவர் இங்கிலாந்தின் யார்க் நகரத்து ஜான் குட்ரிக். காது கேளாதவர். 1783-ல் இதை அறிவித்தபோது வயது 18. ஏதோ ஓர் இருண்ட பொருள் குறுக்கே வந்து மறைக்கலாம் என்று அவர் அப்போதே யோசித்துச் சொன்னார். ராயல் சொசைட்டி அந்த ஆண்டே அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது. 21 வயதில் குட்ரிக் இறந்துபோனார். அவர் சொன்னது சரிதான் என்று நிறமாலை மூலம் நிரூபணமானது நூறு ஆண்டுக்குப் பிறகு, 1889-ல்.

சென்னையில் ஒரு தப்புக் கணக்கு

கண்ணுக்கே தெரியாத துணையை எப்படிப் பிடிப்பது? துணை தெரியாவிட்டாலும், தெரிகிற நட்சத்திரம் தள்ளாடுவது தெரியுமே! 1844-ல் ஜெர்மானியக் கணித மேதை பெஸல், சிரியஸ் நட்சத்திரம் நேராகப் போகாமல் நெளிந்து நெளிந்து போகிறது என்று கண்டார். யாரோ கையைப் பிடித்து இழுக்கிறார்கள் என்றார். 1862-ல் அமெரிக்காவில் கண்ணாடி வில்லை செய்யும் கிளார்க் குடும்பத்துப் பிள்ளை, புது வில்லை ஒன்றைச் சோதிக்கும்போது அந்தத் துணை கண்ணில் பட்டுவிட்டது.

அது லேசுப்பட்ட துணை அல்ல. எடை சூரியனுக்குச் சமம். உருவமோ பூமி அளவு! ஒரு தேக்கரண்டி அள்ளினால் டன் கணக்கில் கனக்கும். 'வெண்குள்ளன்' என்று பெயர். இப்படிப்பட்ட குள்ளன் எவ்வளவு எடை வரை தாங்கும் என்று 1930-ல் கப்பலில் போகும்போது கணக்குப் போட்டவர்தான் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர். வயது 19. சூரியனைப் போல ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் தாங்காது என்ற அந்த முடிவை 1935-ல் எடிங்டன் சபை நடுவே கிண்டல் செய்தார். 1983-ல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பெஸலின் வெற்றியைப் பார்த்த பலருக்கு ஆசை வந்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் அப்போது கம்பெனியாரின் வான ஆராய்ச்சி நிலையம் இருந்தது. 1792-ல் கட்டியது. அதன் கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. அங்கே இருந்தவர் காப்டன் ஜேக்கப். ஜோடி நட்சத்திரங்களை அளப்பதில் தேர்ந்த கை. '70 ஓபியூகி' என்ற ஜோடியை அவர் அளந்தார். சுமார் 88 வருஷத்தில் சுற்றி வரும் ஜோடி அது. ஆனால் கணக்குப்படி இருக்கவேண்டிய இடத்தில் இல்லை, கொஞ்சம் பிசகுகிறது. ஏன்?

1855-ல் ஜேக்கப் துணிந்து எழுதினார்: அந்த ஜோடியில் ஒரு கிரகமும் இருக்கவேண்டும், அதுதான் இழுக்கிறது! சூரியனைத் தவிர வேறொரு நட்சத்திரத்துக்குக் கிரகம் உண்டு என்று அளவெடுத்துச் சொன்ன முதல் குரல்களில் ஒன்று சென்னையிலிருந்து கிளம்பியது. நாற்பது வருஷம் கழித்து அமெரிக்காவில் டி.ஜே.ஜே. ஸீ என்பவரும் அதே நட்சத்திரத்துக்கு மறைந்த துணை ஒன்று உண்டு என்றார். 1899-ல் மோல்டன் என்ற கணித வல்லுநர், அவர் சொன்ன பாதையில் எதுவுமே நிலைத்துச் சுற்ற முடியாது என்று காட்டிவிட்டார். அந்தக் கிரகம் இல்லை. பிசகு நட்சத்திரத்தில் இல்லை, அளவில் இருந்தது.

ஜேக்கப் தோற்றார் என்று சொல்லிவிடலாம். ஆனால் வழி தப்பல்ல. நட்சத்திரத்தின் தள்ளாட்டத்தை வைத்தே 1995-ல் சூரியனைப் போன்ற நட்சத்திரம் ஒன்றின் கிரகத்தைக் கண்டுபிடித்தார்கள். ஜேக்கப்பிடம் அந்த அளவு நுட்பமான கருவி இல்லை, அவ்வளவுதான்.

மலைக்குப் பின்னால் ஒரு மலை

திருவண்ணாமலைக்கு வடமேற்கே ஜவ்வாது மலை. அதில் சந்தன மரங்கள் சூழ்ந்த காவலூரில், நேர்க்கோட்டில் சுமார் 45 கிலோமீட்டர் தூரத்தில், வைணு பாப்பு வான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தென்வானம் நன்றாகத் தெரியவேண்டும், ஊர் வெளிச்சம் எட்டக்கூடாது என்று தேடிப் பாப்பு பிடித்த இடம் அது. 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் வேலை ஆரம்பமாயிற்று. பாப்பு 1982-ல் காலமானார். இந்தியாவிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டது. அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

நட்சத்திரம் மினுக்குவது கவிஞனுக்கு அழகு. ஜோடியை அளப்பவனுக்குத் தலைவலி. காற்று அசைய அசைய இரண்டு புள்ளியும் குழம்பி ஒன்றாகிவிடும். காவலூர் விஞ்ஞானிகள் 1990-களில் இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். காற்று அசைவதற்குள், ஒரு விநாடியில் நூற்றில் சில பங்கு நேரத்துக்குள், படம் எடுப்பது. அப்படி ஏராளமான படங்களை எடுத்துச் சேர்த்துக் கணக்குப் போடுவது. ஒட்டிக்கிடக்கும் ஜோடிகளின் இடைவெளியை அப்படி அளந்தார்கள்.

கார்த்திகை எவ்வளவு தூரம்?

இனி அந்த வழக்கு.

கார்த்திகைக் கூட்டம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? இது வெறும் ஆர்வக் கேள்வி அல்ல. அந்த தூரத்தை அளவுகோலாக வைத்துத்தான் மற்றப் பல தூரங்களைக் கணக்கிடுகிறார்கள். முழக்கோல் பிசகினால் வீடே கோணலாகிவிடும். சுமார் 430, 440 ஒளியாண்டு என்று நெடுநாள் நம்பியிருந்தார்கள். ஐரோப்பியரின் ஹிப்பார்க்கஸ் என்ற செயற்கைக்கோள் அளந்து, 1997-ல் வெளியான கணக்கோ சுமார் 385 என்றது! செயற்கைக்கோள் பொய் சொல்லுமா? அது சரியென்றால், நட்சத்திரங்கள் எப்படி எரிகின்றன என்று நூறு வருஷமாகக் கட்டிய கணக்கிலேயே கோளாறு என்று ஆகும். விஞ்ஞானிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

அப்போது சாட்சிக் கூண்டில் ஏறியது அட்லஸ். ஒன்றாகத் தெரியும் அந்த இரண்டும் 291 நாளுக்கு ஒரு முறை சுற்றி வருகின்றன. பல தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றாக இணைக்கும் கருவியால் அந்தச் சுற்றுப் பாதையை அளந்தார்கள் பான், ஷாவோ, குல்கர்னி என்ற மூவர். குல்கர்னி மகாராஷ்டிரத்தில் பிறந்தவர். தட்டாமாலை சுற்றும் வட்டம் உண்மையில் எவ்வளவு பெரியது, நம் கண்ணுக்கு எவ்வளவு சிறியதாகத் தெரிகிறது என்று ஒப்பிட்டால் தூரம் வந்துவிடும். 2004-ல் தீர்ப்பு வந்தது: 434 முதல் 447 ஒளியாண்டுக்குள். பழைய கணக்கே சரி! அடுத்து வந்த கயா என்ற செயற்கைக்கோளும் அதையே சொன்னது. ஹிப்பார்க்கஸ் அந்த ஒரு கூட்டத்தில் தவறியிருந்தது.

தீபத்தன்று நிலவொளியில் கார்த்திகை சரியாகத் தெரியாது. பத்து நாள் பொறுத்து, நிலவு தாமதமாக எழும் இரவில், விளக்கில்லாத வயல் பக்கம் போய்ப் பாருங்கள். கார்த்திகைக்கு வடக்கே சற்றுத் தள்ளி அல்காலும் இருக்கும்.

ரிஷோ பாதிரியாரின் ஜோடியைப் பார்க்க வைகாசி வரை காத்திருக்க வேண்டும். இரவு ஒன்பது, பத்து மணிக்குக் கிரிவலப் பாதையின் தென்பகுதியில், மலைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். தெற்கே, அடிவானத்திலிருந்து அதிக உயரம் இல்லாமல், இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் அருகருகே தெரியும். அவை இரண்டும் ஜோடி அல்ல, ஏமாறாதீர்கள்! இடது பக்கம், அதாவது கிழக்கே, இருப்பதுதான் ஆல்ஃபா சென்டாரி. வெறுங்கண்ணுக்கு ஒன்று. பள்ளிக்கூடத்துச் சின்னத் தொலைநோக்கி போதும், இரண்டாகிவிடும். 1689-க்குப் பிறகு அவை நாலு சுற்று முடித்து ஐந்தாவது சுற்றில் இருக்கின்றன. 2035-ல் மீண்டும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி வரும்.